ஆற்றங்கரைக் குழையல்

அவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அப்பால் ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான். ஆனாலும் அவன் பின்தங்கவில்லை.

சுகந்தி இதை முதலில் பெரிதாக எடுக்கவில்லை. ஐப்பசி மாதத்துப் பனிப்புகார், விடுதிச் சலவை அறையில் கொதிநீர்த் தொட்டியைத் திறந்ததும் கிளம்பும் ஆவியைப் போல ஆற்றின் மேலே படிந்து கிடந்தது. அதற்குள் அக்கரை மரங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. அந்த மரங்களுக்கிடையே ஒரு கறுத்த உருவமும் அப்படியே தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஆனால் இறக்கத்தில் அவர்கள் வேகமாக இறங்கியபோதும் அவன் நேரெதிரே இருந்தான். கழன்ற சங்கிலியை மாட்ட அவள் இறங்கி நின்றபோதும் அவன் நேரெதிரே இருந்தான். அவனுடைய கால்களில் அவசரம் இல்லை. கோயிலுக்குப் போகிறவனைப் போல ஆறுதலாக நடந்தான்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பக்கம் ஆரோ எங்களோடையே வாறார்" என்றாள்.

அவளுடைய கணவன் தவராஜா திரும்பிப் பார்க்காமலே சிரித்தான். மீன் பிடிக்கிறவனாக இருக்கும், அக்கரைப் பிரான்ஸ்காரனுக்கு வேறு என்ன வேலை என்றான்.

சுவிசில், லுசேர்ண் நகரத்து விடுதி ஒன்றில் அவன் சமையலறையிலும் அவள் சலவை அறையிலும் வேலை செய்தார்கள். கோடைக்கும் பனிக்காலத்துக்கும் இடையில் விடுதியைப் பூட்டும் நாட்களில் எங்கும் போயிருக்காத அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, தலைமைச் சமையற்காரர் அம்ரைன் தன்னுடைய வான் வண்டியின் சாவியைக் கையில் வைத்துவிட்டார். உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு, மடிக்கிற மேசை. பின்னால் இரண்டு சைக்கிள்கள். கதவைத் திறந்தால் பழைய பாற்கட்டி மணக்கும். ஊருக்குத் திரும்பிப் போனாலும் இந்த மணம் தங்களோடுதான் வரும் என்று தவராஜா பகிடி பண்ணினான். ஆற்றோரப் புல்வெளியில் வானை நிறுத்த இடம் கேட்டபோது, அந்தக் காணிக்காரி ஒரு சொல்லும் விளங்காமலே தலையசைத்து, ஏப்பிள் பழங்களை மடி நிறைய அள்ளிக் கொடுத்தாள். உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று சுகந்தி அன்றைக்கும் நினைத்தாள். அவள் அப்படி நினைக்காத நாள் குறைவு.

குதிரைகள் மேய்வதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அவள் அவனை இந்த மேற்குப் பக்கம் கூட்டிவந்தாள். உண்மை வேறு என்று இருவருக்கும் தெரியும். அவளுடைய தம்பி சிறீதரன் ஆனி மாதம் பாரிசிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் கதைத்தான். ஏஜென்சிக்காரன் சுவிசுக்குள் கூட்டிக்கொண்டு வருகிறானாம், நடுவில் ஒரு ஆறுதானாம், நாலைந்து பேர் சேர்ந்து வருகிறார்களாம். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பிடிபட்டானோ, திரும்பினானோ, வேறு நாட்டுக்குப் போனானோ. அம்மா ஊரிலிருந்து எழுதும் கடிதம் ஒவ்வொன்றிலும் அதே கேள்வி. சுகந்தி ஒவ்வொரு முறையும் அவன் சுகமாக இருக்கிறான் என்று எழுதினாள். உயிரோடு இருக்கிறவனுக்கு விளக்கு வைப்பதா, இல்லாதவனுக்கு வைப்பதா என்று தெரியாமல், வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கென்று தனியாக எதுவும் செய்யாமல் இருந்தாள்.

இந்த ஆறுதான் சுவிசுக்கும் பிரான்சுக்கும் எல்லை. பாலத்தைத் தாண்டிக் கால் வைத்தால் தஞ்சம் கேட்டுப் போட்ட அசூல் வழக்கு முடிந்துபோகும் என்று தவராஜா காலையிலேயே சொல்லியிருந்தான். அவள் தாண்ட நினைக்கவில்லை. ஆற்றைப் பார்க்க மட்டும்தான் நினைத்தாள்.

மத்தியானம் கரையோரம் ஒரு மரக்குற்றியில் இருந்து சாப்பிட்டார்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி. மூடியைத் திறந்ததும் எழும்பிய ஆவியும் தாளிதத்தின் மணமும் தண்ணீருக்கு மேலால் மெதுவாகப் போவதை அவள் பார்த்தாள். அக்கரையில் அவன் நின்றான். மரத்தோடு மரமாக, கைகளைத் தொங்கவிட்டபடி, அவர்களையே பார்த்துக்கொண்டு.

ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கத் தான் மட்டும் சாப்பிட அவளுக்கு வராது. அவள் வளர்ந்த வீட்டில், வாசல் படலையைக் கடந்து போகிற முகம் தெரியாதவரையும் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று கேட்காமல் சோற்றுக் கோப்பையில் கை வைத்தவர் இல்லை. வருவார், வரமாட்டார், அது அவருடைய விருப்பம். கேட்பது நம்முடைய கடமை. யோசிக்காமலே அவள் எழுந்து, கையை உயர்த்தி, ஆற்றுக்கு மேலால் கூப்பிட்டாள்.

"வாங்கோ. சாப்பிட வாங்கோ."

"உம்மடை தமிழ் பிரெஞ்சுக்காரனுக்கு விளங்கவோ போகுது?" என்றான் தவராஜா. "கரண்டியைத் தூக்கிக் காட்டும். அதெண்டா விளங்கும்."

அக்கரையில் நின்றவன் தலையைச் சரித்தான். ஒரு பக்கம், மறுபக்கம். ஓம் என்று சொல்ல நம்முடைய ஆட்கள் சரிக்கிற மாதிரி. பிறகு ஒரு அடி முன்னே வைத்தான். தண்ணீர் அவனுடைய சப்பாத்துக்கு மேலே ஏறியது. அவன் குனிந்து பார்க்கவில்லை.

தவராஜா கோப்பையைக் கீழே வைத்தான்.

அப்போது பனிப்புகார் ஒரு பாயைப் போல விரிந்து வந்து அந்தக் கரையை மூடியது. அது விலகியபோது அங்கே மரங்கள் மட்டும் நின்றன. திரும்பி வரும் வழியெல்லாம் சுகந்தி அக்கரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவரும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இல்லாதவன் எங்கே போனான்?

பொழுது சாயும் நேரத்தில் தவராஜா கிராமத்துக்கு வெளிக்கிட்டான். பாரிசில் இருக்கும் பாலேந்திரன் அண்ணையை ஒவ்வொரு வெள்ளியும் தொலைபேசியில் பிடித்து, சிறீதரனைப் பற்றி ஏதும் தெரிந்ததோ என்று கேட்பது அவர்களுடைய வழக்கம். கிராமத்தில் கடைக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டைக் கண்டிருந்தான். இந்தப் புகாருக்குள் அந்த ஒடுக்கமான பாதையில் வானை ஓட்ட அவனுக்குத் துணிவில்லை. சைக்கிளில் ஒரு எட்டில் போய்விடலாம். தானும் வருவதாக அவள் சொன்னாள். சங்கிலி திரும்பவும் கழன்றால் இருவரும் இருட்டில் நிற்க வேண்டும் என்று மறுத்துவிட்டான்.

"கதவைப் பூட்டிக்கொண்டு இரும். பாலேந்திரண்ணை நல்ல செய்தி சொல்லுவார், பாரும். போட்டு வாறன்."

அவனுடைய சைக்கிள் விளக்கு கொஞ்சத் தூரம் ஆடிக்கொண்டு போய், பஞ்சுக்குள் வைத்த நெருப்பைப் போல மங்கி, அணைந்தது.

அவள் கதவைப் பூட்டினாள். வேலை செய்தால் பயம் போகும். மத்தியானம் மிஞ்சிய சோற்றையும் பருப்பையும் பிரட்டலையும் ஒரே சட்டியில் கொட்டிச் சூடாக்கி, ஊறுகாய் கொஞ்சம் விட்டுக் குழைக்கத் தொடங்கினாள். குழையல் தவராஜாவுக்கு விருப்பம். வீட்டில் இதைக் கோப்பையில் போடுவதில்லை. சட்டியைச் சுற்றி எல்லோரும் இருந்து கையை நீட்டுவார்கள். குழைக்கிறவர் உருண்டை பிடித்து ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டு போவார். அவளும் தம்பிக்கு அப்படி எத்தனையோ நாள் வைத்திருக்கிறாள்.

ஆவி கண்ணாடிகளை மூடியது. மூச்சு முட்டியது. பக்கக் கதவை ஒரு கை அகலத்துக்கு இழுத்து விட்டாள்.

வெளியே ஆறு ஓடுகிற சத்தம் காலையில் இருந்ததைவிட அருகில் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் இருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. யாரோ இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தால் துணி தண்ணீரை இழுத்து விடுகிற சத்தம், பிறகு கல்லில் கால் வைக்கிற சத்தம், பிறகு நனைந்த புல் ஒவ்வொரு அடிக்கும் அமிழ்ந்து எழும்புகிற சத்தம். பாற்கட்டி மணம் போய்விட்டது. அடுப்பு மணம் போய்விட்டது. சேறும் அழுகிய இலையும் மணத்தது.

கதவை மூட வேண்டும். அவளுடைய கை சட்டிக்குள் இருந்தது. அசையவில்லை.

அடிகள் கதவுக்கு வெளியே நின்றன.

தண்ணீர் சொட்டியது.

கதவு இடுக்கில் ஒரு கை வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களைச் சேர்த்து, குழிவாக. குழையல் வாங்கத் தெரிந்த கை. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றால் விரல்கள் எப்படிச் சுருங்கி வெளுக்கும் என்று சலவைக்காரியான அவளுக்குத் தெரியும். இந்தக் கை நாட்கணக்கில் ஊறியது இல்லை. மாதக்கணக்கில். தோல் கையுறையைப் போலத் தளர்ந்து கிடந்தது. மணிக்கட்டில் கறுத்துப்போன ஒரு கோயில் நூல்.

முருகா, என்றாள்.

கத்தியிருக்கலாம். கதவை இழுத்து அந்தக் கையை நசுக்கியிருக்கலாம். ஆனால் அவன் தானாக வரவில்லை. அவள் கூப்பிட்டாள், அவன் வந்தான். எத்தனை காலம் அந்தக் கரையில் ஒருவரும் கூப்பிடாமல் நின்றானோ. பசியோடு வந்தவனைக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது அவளுக்குத் தெரிந்த எந்தத் தெய்வத்துக்கும் அடுக்காது. உருண்டை பிடித்து அந்தக் கையில் வைத்தாள். சூடான சோறு பட்டதும் விரல்கள் மெல்ல மூடின. ஐஸைத் தொட்டது போல அவளுடைய தோல் சுட்டது.

கை பின்வாங்கியது. இருட்டுக்குள் ஒரு நீண்ட மூச்சு. வயிறு ஆறியவன் விடுகிற மூச்சு.

அந்த மணிக்கட்டின் எலும்பு பெரியது. நடுவயதுக்காரன். தம்பி இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. தம்பி இல்லை, தம்பி இல்லை.

அப்போது புல் மறுபடியும் அமிழ்ந்தது. ஒரு இடத்தில் மட்டும் இல்லை. இங்கே. அங்கே. ஆற்றங்கரை முழுக்க.

இரண்டாவது கை வந்தது. மெலிந்த, வளையல் போட்ட கை. வைத்தாள். அடுத்தது முதிர்ந்த கை. வைத்தாள். அதற்கடுத்தது மிகச் சிறியது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டியது. அதற்கேற்ற சின்ன உருண்டையாகப் பிடித்து வைத்தபோது அவளுடைய கண்ணீர் சட்டிக்குள் விழுந்தது. ஒருவரும் தள்ளவில்லை. ஒருவரும் அவசரப்படவில்லை. வரிசையில் நின்றார்கள். எல்லாக் கைகளும் ஒரே மாதிரி வெளுத்து ஊதியிருந்தன. எந்தக் கை யாருடையது என்று இனிச் சொல்ல முடியாது.

அது விளங்கியதும் அவள் கைகளைப் பார்ப்பதையும் விட்டாள். சட்டியை மட்டும் பார்த்தாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாதவரை அம்மாவுக்கு எழுதலாம். சுகமாக இருக்கிறான். சுகமாக இருக்கிறான்.

தூரத்தில் சைக்கிள் சத்தம்.

விளக்கு பாதையில் வந்தது. புல்வெளி ஓரம் வரைக்கும் வந்தது. நின்றது. சில்லு சுற்றுவது நின்றதும் டைனமோ விளக்கும் அணைந்தது. சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ" என்று கூப்பிட நினைத்தாள். ஆனால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தவராஜா அவளுடைய ஊர்க்காரன். அதே ஒழுங்கையில் வளர்ந்தவன். சிறீதரனுக்குச் சைக்கிள் பழக்கியவன். அந்த வீட்டுப் பிள்ளைகளை இருட்டிலும் அடையாளம் தெரிந்தவன்.

அவன் கிட்ட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டான். அது அவனுடைய குரலைப் போலவே இருக்கவில்லை.

"சுகந்தி."

இன்னொரு கை கதவு இடுக்கில் வந்திருந்தது.

"சுகந்தி, நிமிர்ந்து பாராதையும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன். நிமிர்ந்து பாராதையும்."

அவள் பார்க்கவில்லை. சட்டியின் அடியை வழித்து, கடைசி உருண்டையைப் பிடித்து, தலை குனிந்தபடியே அந்தக் கையில் வைத்தாள்.

மற்றக் கைகள் மூடியதைப் போல அது மூடவில்லை. பின்வாங்கவுமில்லை.

சோறு ஆறியது. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை அப்படியே நீட்டியபடி நின்றது. அவள் நிமிரும்வரைக்கும்.