இரண்டாவது ஓட்டை

வரலாற்று ஆசிரியர் அறையின் மரப்பலகையில், ஒன்பதாவது ஆணியில், ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது.

மகிழன் தன் அறை வாசலிலேயே நின்றான். அந்தப் பித்தளை வட்டு இங்கே இருக்க வழியில்லை. பதினோரு மாதத்துக்கு முன்பு அவன் மனைவி தென்றலோடு இங்கிலாந்தில், தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய சுரங்கத்துக்குள் போனது அது. அவளும் கிடைக்கவில்லை, அதுவும் கிடைக்கவில்லை. இப்போது அதிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, சுவரில் துருநிறத்தில் கோடு இழுத்து, தரையில் உள்ளங்கை அகலம் தேங்கியிருந்தது.

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தான். கோபம் வந்தது. அழுகையும் தூக்கமும் அவனை விட்டுப்போய் மாதக்கணக்காகிறது. கோபம் மட்டும் வேளை தவறாமல் வந்தது.

டோக்கன் அவன் யோசனைதான். இந்தத் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்: ஷிப்டுக்கு இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் எண்ணை எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே. சென்ற ஆண்டு இலக்கியமும் வரலாறும் படிக்கிற எட்டுப் பிள்ளைகளைத் தென்றல் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குக் கூட்டிப்போக ஏற்பாடானது. இங்கே தங்கம் தோண்ட வந்த வெள்ளைக்காரச் சுரங்கக் கேப்டன்களின் ஊரை நம் சுரங்கத்து டோக்கனை மாட்டிக்கொண்டு பார்க்கட்டுமே என்று, பழைய இரும்புக் கடையில் பிள்ளைகளுக்கு எட்டு, தென்றலுக்கு ஒன்று என ஒன்பது டோக்கன் பொறுக்கினான். எல்லாவற்றிலும் இரண்டு ஓட்டை இருந்தது. கயிறு கோக்க வசதி என்று தென்றலிடம் சொன்னான். திரும்பி வந்ததும் மாட்ட இந்தப் பலகையையும் செய்து வைத்தான். யாரும் மாட்டவில்லை. பிள்ளைகளின் எட்டு டோக்கனும் அலமாரிக்குள் போயின.

அங்கே பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட ஒரு சுரங்கத்தின் வாசலிலிருந்து அவள் கடைசியாகக் கூப்பிட்டாள்.

"எண்ணிக்கை இடிக்குது மகி. எட்டுக்கு ஒம்போது வருது."

"லிட்ரேச்சர் மேடத்துக்குக் கணக்கு எப்போ வந்துச்சு? மறுபடி எண்ணு."

எண்ணினாள். பிறகு, "ஒருத்தன் திரும்ப உள்ள போறான். இட்டுனு வந்துடறேன்" என்றாள். எட்டுப் பிள்ளைகளும் அப்போது வெளியே வேனில் இருந்தார்கள். ஆசிரியையின் கவனக்குறைவு என்று எழுதிப் பள்ளி நிர்வாகம் கோப்பை மூடியது. இன்று அதே நிர்வாகம் அதே ஊருக்கு அடுத்த எட்டுப் பேரை அனுப்புகிறது. நான்கு மணிக்குப் பஸ்.

அலமாரியைத் திறந்தான். எட்டும் இல்லை.

முதல்வர் ஞானசுந்தரி பாஸ்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளோடு போவது அவர்தான்.

"பசங்க கழுத்துல போட்டுட்டேன் மகிழன். தென்றல் ஞாபகமா இருக்கட்டும்."

"அவ ஞாபகமா. அவளைப் பத்தி எழுதின ரிப்போர்ட்டையும் கழுத்துல மாட்டி விட்டிருக்கலாம் மேடம்."

அவர் நிமிரவில்லை. அவன் கதவை அறைந்துவிட்டு வந்தான்.

அறையில் அட்டெண்டர் ஸ்டீவன் பலகையைப் பார்த்தபடி நின்றிருந்தார். சுரங்கம் மூடும்வரை, டோக்கன் கொடுத்து வாங்கும் டைம் ஆபீசில் இருந்தவர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"இன்னா சார் இது, ரெண்டு ஓட்டை கீது."

"இருந்தா?"

"ஹிஸ்டரி எம்.ஏ.ன்னு பேரு. கீழ செத்தவன் பாக்கெட்டுல இருந்து எடுக்கற டோக்கனுக்குத்தான் ரெண்டாவது ஓட்டை போடுவோம். வேற எவனுக்கும் அந்த நம்பரைத் தரக்கூடாது. உடம்பு மேல வரும் சார், ஆள் வரமாட்டான். அதனால அதை எப்பவும்..."

மகிழன் அதற்குள் ஓடிவிட்டான்.

"சார், முழுசா கேட்டுட்டுப் போங்க."

கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து அடித்த காற்றில் மைதானம் முழுக்க வெள்ளைத் தூசி. பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஏறினான்.

"டோக்கனைக் கழட்டுங்க. எல்லாரும்."

"ஏர்போர்ட்ல பீப் அடிக்குமா சார்?" என்றாள் வாணி. பின்சீட்டில் சிரித்தார்கள்.

"கழட்டு."

அவள் முடிச்சை அவிழ்க்கும் முன்பே கயிற்றை அறுத்தான். சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வட்டும் பனிக்கட்டி போலிருந்தது. ஒவ்வொன்றும் ஈரம். எட்டு.

"பேரண்ட்ஸ் பாக்கறாங்க மகிழன்," என்றார் ஞானசுந்தரி படியிலிருந்து.

"பாக்கட்டும்."

அறைக்குத் திரும்பினான். ஸ்டீவன் இல்லை, அவனைத் தேடி மைதானத்துப் பக்கம் போயிருக்க வேண்டும். பிள்ளைகள் தப்பித்தார்கள். மூச்சு வாங்கியது. கையில் டோக்கன், எதிரே ஆணி. இந்த ஊரில் பிறந்த கை வேறென்ன செய்யும்? மாட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது ஆணியில் பித்தளை தட்டிய சத்தம் நின்றபோது பலகை நிறைந்திருந்தது. பதினோரு மாதத்தில் முதல்முறையாக அவனுக்குள் கோபம் இல்லை. அந்த இடத்தில் எதுவுமே இல்லை.

பிறகு வாசனை. ஈரப் பாறை. வெடிமருந்துப் புகை.

வராந்தாவில் காலடிகள். கனத்த பூட்ஸ்கள், தண்ணீர் பிதுங்க, வரிசையாக. கதவைக் கடந்தன. நிற்கவில்லை. எட்டிப் பார்த்தான். யாருமில்லை. சிமென்ட் தரையில் ஈரத் தடங்கள் மட்டும் மைதானத்தை நோக்கிப் போயின.

கடைசித் தடம் வெறுங்கால். சின்னது. இடது பாதத்தை லேசாக இழுத்து நடந்தது.

அந்த நடை அவனுக்குத் தெரியும்.

ஸ்டீவன் மூச்சிரைக்க வந்தார். பலகையைப் பார்த்தார்.

"மாட்டிட்டீங்களா?"

மகிழன் வராந்தாத் தடங்களைக் காட்டினான்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். மாட்டுனா கீழ செத்தவங்க மேல வந்துட்டாங்கன்னு கணக்கு சார்."

பாய்ந்து ஒரு டோக்கனைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். நகம் பெயர்ந்தது. ஆணியும் பித்தளையும் ஒன்றாகிவிட்டிருந்தன. பலகையைக் குத்தினான். மறுபடி குத்தினான்.

வெளியே பஸ் நகர்ந்தது.

ஜன்னலுக்கு ஓடினான். பிள்ளைகள் கையசைத்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் இன்னொரு முகம். சுரங்கத் தொப்பி. மண் அடைத்த வாய்.

பஸ்ஸுக்குள் நடுவழியில் தென்றல் நின்றிருந்தாள். கூந்தலிலிருந்து நீர் கொட்டியது. விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு. ஏழு. எட்டு.

விரல் நிற்கவில்லை.

பதினாறில் நின்றது. கணக்குச் சரியாக வந்தால் எப்போதும் செய்வதுபோல, ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பஸ் கேட்டைத் தாண்டியது.