படத்தில் இருந்த கை

2021 ஓகஸ்ட், காலை ஒன்பது மணி. தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கோகிலா தன் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி இறுகியிருந்தன. இனி அந்தக் கை பால்வெட்டும் கத்தியைப் பிடிக்காது.

சில மாதங்களுக்கு முன் ஸ்டோரில் றப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் அவள் இரண்டு உள்ளங்கைகளிலும் கொட்டியிருந்தது. இடது கையில் லேசாக, வலது கையில் ஆழமாக. ஊரடங்குக் காலம். கொழும்பிலிருந்த பிளாஸ்டிக் சர்ஜன் போனிலேயே வைத்தியம் பார்த்தார். "வாரா வாரம் வலது கையைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆறாவிட்டால் உடனே கொண்டுவாருங்கள், தோல் ஒட்ட வேண்டும்" என்றார். வந்த படங்களில் புண் அழகாக ஆறிக்கொண்டிருந்தது. வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். கடைசியில் கையை நேரில் பார்த்ததும் அவரே பொலிஸில் முறையிட்டார்.

வழக்கு சப் இன்ஸ்பெக்டர் ஜெனிற்றாவின் தலையில் விழுந்தது.

தோட்டத்தில் அதற்குள் ஆளைக் காட்டிவிட்டார்கள். கோகிலாவின் புருஷன் தினேஷ். போன் அவனுடையது. கொழும்புக்குப் போய்வந்தால் கொரோனா என்று லயத்தையே மூடிவிடுவார்கள் என்று முதல்நாளே கத்தியவனும் அவன்தான். லயத்து ஆளென்றால் பழி போட யாருக்கும் யோசனை தேவைப்படுவதில்லை.

"படம் எடுத்தது யாரு?" என்று ஜெனிற்றா தினேஷிடம் கேட்டாள்.

"டிஸ்பென்சர் ஐயா, மிஸ். மருந்து கட்டுறப்போ என் போன்லதான் எடுப்பாரு. கொரோனான்னு என்னை உள்ள விடல. அப்பறம் போனைத் தருவாரு. நான் கோயில் மேட்டுக்கு ஏறி அனுப்புவேன். அங்கதான் சிக்னல்."

"வேற யாரு கையிலயாவது போன் போச்சா?"

"இல்ல மிஸ்."

கோகிலாவையும் தினேஷையும் ஜெனிற்றா கூட்டிக்கொண்டு போனாள். தோட்டத்து மருந்தறையில் டிஸ்பென்சர் லோரன்ஸ் பதற்றமில்லாமல் பேசினார். "நான் எடுத்தது வலது கை. அவன் என்னத்த அனுப்பினான்னு எனக்கென்ன தெரியும்?"

ஜெனிற்றா தினேஷின் போனில் படத்தைப் பெரிதாக்கினாள். வலது கைதான். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. கோகிலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கயிறு எப்ப கட்டுனது?"

"கை வெந்த மறுநாள், மிஸ். அம்மன் கோயில்ல மந்திரிச்சு எங்க வீட்டுக்காரருதான் கட்டிவிட்டாரு. பொம்பளைக்கு இடது கையிலதானே. அவுக்கவே இல்ல. ஐயா ரெண்டு கையையும்தான் எடுத்தாரு."

ஜெனிற்றா போனை லோரன்ஸின் மேசையில் வைத்தாள்.

"இது இடது கை. ஆறிக்கிட்டு வந்த கை. வலது கைப் படத்தை அழிச்சுட்டு, போன்லயே இந்தப் படத்தைத் திருப்பி வலது கையாக்கிட்டீங்க. கயிறும் சேர்ந்து வலதுக்கு வந்துருச்சு. தினேஷ் திருப்பியிருந்தா கயித்த முதல்ல மறைச்சிருப்பாரு. அவரு கட்டுன கயிறு. உங்களுக்கு அது கண்ணுல படல."

லோரன்ஸ் போனைத் தன் பக்கம் இழுத்துப் படத்தைப் பார்த்தார்.

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். கயிறு எந்தக் கைன்னு யாரு பாத்தா?" என்றார். "கையுறை குடுக்காம அசிட் தூக்க விட்டது ஸ்டோர்ல. கொழும்புக்குப் போனா விசாரணை வரும், உன் வேலையும் போகும்னாரு தோட்டத்த நடத்துற துரை."

அந்தத் துரை போன மாதமே வேறு தோட்டத்துக்கு, இதைவிடப் பெரிய பங்களாவுக்கு, மாறிப் போயிருந்தார். அகப்பட்டது லோரன்ஸ் மட்டும்.

தினேஷ் பெருமூச்சு விட்டான். "நான் சொன்னேன்ல, மிஸ்."

"திருப்பினது அவரு. அனுப்பினது நீங்க" என்றாள் ஜெனிற்றா. "நீங்க கட்டுன கயிறு ஒவ்வொரு படத்துலயும் மாறிக் கெடந்துச்சு. பாத்தீங்களா இல்லையா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பாத்தேன். லயத்த மூடிட்டா எல்லாரும் எங்களத்தான் ஏசுவாங்க. எப்படியும் ஆறிடும்னு இருந்துட்டேன்."

பார்த்தும் பேசாதவனைப் பிடித்துப்போக ஜெனிற்றாவிடம் சட்டம் இல்லை.

கோகிலா இடது மணிக்கட்டைத் தூக்கினாள். முடிச்சை அவிழ்க்க வலது விரல்கள் வரவில்லை. குனிந்து பல்லால் கடித்தாள். தினேஷ் உதவிக்குக் கை நீட்டினான்.

"நீங்க தொடாதீங்க" என்றாள்.

கயிறு அறும்வரை கடித்துக்கொண்டே இருந்தாள்.