சுட்டிக்கு எந்தக் கால்?

அழிக்க முடியவில்லை. நதியா மறுபடியும் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தாள். 'எனக்கு மட்டும் நீக்கு' என்றுதான் வந்தது. அனுப்பி மூன்று நாளாகிவிட்டது. எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்கிற வழி மூடிப்போயிருந்தது.

அது அம்மாவின் போன். அம்மா சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே, ஓடிவந்த மூச்சு அடங்காமல் நின்றாள் வகுப்புத்தோழி சுவேதா.

"உன் மெசேஜ் கீழ ஆலங்காயம் வரைக்கும் போயிட்ச்சி டி. வண்டிக்கார அசோக்குமார் அண்ணன் இன்னிக்கு வர மாட்டேன்னுட்டாராம். ஏமாத்துற பொம்பளைக்கு வண்டி ஓட்ட மாட்டாராம்."

அவள் எழுதியது மூன்றே வரி. 'பச்சையம்மா காட்டுவது ஒரே கன்னுக்குட்டி இல்லை. வேற வேற கன்னுக்குட்டி. யாரும் பணம் அனுப்பாதீங்க.' வகுப்புக் குழுவில்தான் போட்டாள். அங்கிருந்து யாரோ யாருக்கோ அனுப்பி, இப்போது எழுதியது யாரென்றே தெரியாமல் மலையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

பச்சையம்மா ஊர்க் கோடியில், தகரக் கொட்டகையில் தனியாக இருப்பவள். கிணற்றில் விழுந்த ஆடு, ஏர் இழுக்க முடியாமல் காட்டில் விடப்பட்ட கிழட்டு எருது என்று யாருக்கும் வேண்டாததையெல்லாம் கொண்டுவந்து வைத்தியம் பார்ப்பாள். போன வாரம் மலைப்பாதை வளைவில் ஏதோ வண்டி ஒரு கன்றுக்குட்டியை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அதையும் தூக்கிவந்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் பெயரும் சுட்டி. முன்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. வேலூர்ப் பக்கம் பெரிய மாட்டாஸ்பத்திரியில் தகடு வைத்தால் கால் பிழைக்கும். இந்தச் சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் வராவிட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று சனிக்கிழமை.

வைத்தியச் செலவுக்காகப் பச்சையம்மா போனில் படம் அனுப்பி ஊரெல்லாம் உதவி கேட்டாள். நதியாவின் வகுப்பும் உண்டியல் வைத்துச் சேர்த்துக் கொடுத்தது. பிறகுதான் இரண்டாவது படம் வந்தது.

முதல் படத்தில் கன்றுக்குட்டியின் வலது காலில் கட்டு. இரண்டாவதில் இடது காலில். நெற்றிச் சுட்டியும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னாலிருந்த மூட்டையில் என்னவோ புரியாத எழுத்து. சுவேதா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தெலுங்கு என்றாள். அவளுடைய சித்தி ஆந்திராவில், குப்பம் ஊரில் இருக்கிறாள். அதனால் வகுப்பில் தெலுங்கு என்றால் சுவேதா சொல்வதுதான் முடிவு. அப்படியானால் ஆந்திராவிலிருந்து கொண்டுவந்த வேறொரு கன்றுக்குட்டியோ!

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் சந்தேகமாகவே இருந்தது. பச்சையம்மா ஏன் எப்போதும் கதவைச் சாத்தியே வைக்கிறாள்? கொட்டகைக்கு ஏன் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது? மாடு ஐஸ் வாட்டர் குடிக்குமா என்று டீக்கடை ராஜாக்கண்ணு கேட்டபோது, கடையே சிரித்தது.

"நான் போய்ப் பாக்கறேன்" என்றாள் நதியா. "ரெண்டு கன்னுக்குட்டி இருந்தா நாம சொன்னது சரி."

"ஒண்ணுதான் இருந்தா?"

நதியா போனைக் கையில் பிடித்தபடி கொட்டகையைப் பார்த்து நடந்தாள். சுவேதாவும் பின்னாலேயே வந்தாள்.

கொட்டகைக் கதவு சாத்தித்தான் இருந்தது. நதியா தகர ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள். பச்சையம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, சின்னப் புட்டி ஒன்றை எடுத்து முந்தானையில் மறைத்தமாதிரி இருந்தது. அதற்குள் கால் பட்டு ஒரு கல் உருண்டது.

கதவு ஒரு சாண் திறந்தது. கன்றுக்குட்டியைப் பார்க்க வந்ததாக நதியா முணுமுணுத்தாள்.

"சீக்கிரம் உள்ள வந்து கதவ சாத்துங்க" என்றாள் பச்சையம்மா. "வெளிய நாய் கொரைச்சா எழுந்து ஓடப் பாக்குது. ஓடினா இருக்குற காலும் போயிடும்."

ஃபிரிட்ஜ் பழசு. உள்ளே ஊசிமருந்துப் புட்டிகள் மட்டும் வரிசையாக நின்றன. நதியா கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். ஆடு ஒன்று. எருது ஒன்று. கன்றுக்குட்டி ஒன்று, வலது காலில் கட்டோடு. அவள் வைக்கோல் போருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தேடற பாப்பா?"

"இன்னொரு கன்னுக்குட்டி" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பச்சையம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நதியா இரண்டாவது படத்தைக் காட்டி, இதில் ஏன் இடது கால் என்று கேட்டாள்.

"மொதல் போட்டோ டாக்டர் எடுத்தது. இது நானே எடுத்தேன். எனக்கு எடுக்க யாரு கீறாங்க?"

எப்படி எடுத்தாள் என்று செய்தும் காட்டினாள். கன்றுக்குட்டி பக்கத்தில் குந்தி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, செல்ஃபி எடுக்கிற மாதிரி போனைத் திருப்பி நீட்டி, தன் முகம் விழாமல் ஒரு படம் எடுத்தாள்.

நதியா வாங்கிப் பார்த்தாள். போனில் கட்டு இடது காலில் இருந்தது. பின்னால் அதே தெலுங்கு. அவள் திரும்பி நிஜ மூட்டையைப் பார்த்தாள். 'மாட்டுத் தீவனம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சுத்தத் தமிழ். கண்ணாடியில் பார்க்கிறமாதிரி போனுக்குள் எல்லாமே இடவலம் மாறிப்போயிருந்தது.

"லேசா தெலுங்கு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் சுவேதா, மிகமிக மெதுவாக.

பச்சையம்மா புட்டியிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே பேசினாள். யாரோ என்னவோ எழுதிவிட்டார்களாம். காலையிலிருந்து மூன்று வண்டிக்காரர்களைக் கேட்டும் ஒருவரும் வரவில்லையாம். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியாது. சும்மா இருந்துவிட்டால் இனியும் தெரியப்போவதில்லை.

சுட்டி நதியாவின் கையை நக்கிப் பார்த்தது.

"எழுதினது நான்தான் அத்தை."

பச்சையம்மாவின் கை நின்றது. திட்டுவாள் என்று நதியா காத்திருந்தாள். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

நதியா அம்மாவின் போனைச் சுவேதாவிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னாள். கன்றுக்குட்டியின் கால், மூட்டை, இரண்டு படங்கள் எல்லாவற்றையும் காட்டினாள். தன் பெயரையும் வகுப்பையும் சொல்லி, தப்பாக எழுதியது தான்தான் என்றாள். நடுவில் இரண்டு தடவை வார்த்தை தடுமாறியது. இரண்டாம் தடவை எடுக்கலாமா என்று சுவேதா கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டு அப்படியே வகுப்புக் குழுவுக்கு அனுப்பினாள். பிறகு அசோக்குமாருக்கு போன் போட்டாள்.

அவர் லேசில் நம்பவில்லை. அந்தப் பொம்பளை சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாயா என்று கேட்டார்.

"நீங்க நம்பவே வேணாம்ணே. வந்து பாருங்க. ரெண்டாவது கன்னுக்குட்டி இருந்தா அப்படியே திரும்பிப் போய்டுங்க."

எத்தனை மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கேட்டார். பிறகு வருகிறேன் என்றார்.

வந்தார். மூட்டையைப் படித்தார். அவரும் வைக்கோல் போருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, வைக்கோலை அள்ளித் தளத்தில் பரப்பினார். நாலு பேருமாகச் சுட்டியைத் தூக்கி மெல்லப் படுக்க வைத்தார்கள். சாயந்திரத்துக்குள் போய்விடலாம் என்று அவர் சொன்னதும்தான் நதியாவுக்கு மூச்சு வந்தது.

பச்சையம்மா வண்டியில் ஏறிக் கன்றுக்குட்டியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மன்னித்துவிடச் சொல்லி நதியா கேட்டாள். பச்சையம்மா தலையாட்டினாள். கோபம் இருக்கிறமாதிரி தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா பாப்பா? இதே போட்டோவ உங்க டீச்சரு போட்டிருந்தா, எந்தக் காலுன்னு பாத்திருப்பியா?"

வண்டி கிளம்பி, கல்லும் குழியும் பார்த்து மெதுவாக இறங்கி, முதல் வளைவில் மறைந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சுவேதா கூப்பிட்டாள். நதியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

பார்த்திருப்பேனா?