நாற்பத்தொன்றாம் எண் மரம்

கட்டெறும்புக்குப் பத்து வயது. ஆள் குட்டி, ஓட்டம் அதிகம். கோபம் வந்தால் நறுக்கென்று கடித்தும் விடுவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

அவளுடைய அம்மா முன்பு ஒரு தையல் கடையில் இருந்தாள். கடை மூடிவிட்டதால், மரம் வெட்டும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காட்டுக்குள் போய் மரங்களின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். சிவப்பு பெயிண்டில் எண் போட வேண்டும். அதையே நோட்டிலும் எழுத வேண்டும்.

பள்ளி விடுமுறை என்பதால் கட்டெறும்பும் கூடவே போனாள்.

"மரத்துக்கு என்னம்மா தைக்கப் போற? சட்டையா, பேன்ட்டா?"

"உன் வாய்க்கு ஒரு பொத்தான் தைக்கப் போறேன். டப்பாவைப் பிடி!"

மூன்றாம் நாளே தூரிகை அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் எழுதும் எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். அம்மா அளந்து எண்ணைச் சொல்லுவாள், இவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள்.

"எதுக்கும்மா நம்பர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

அம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கணக்குக்கு" என்றாள்.

வகுப்பில் வருகைப் பதிவேட்டில் எல்லோருக்கும் எண் இருக்கிறதே, அதுபோல என்று கட்டெறும்பு நினைத்துக்கொண்டாள்.

நாற்பதாவது மரத்தைத் தாண்டியதும் ஒரு பெரிய மரம் நின்றது. அப்படி ஒரு மரத்தை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு வேர்களுக்கு நடுவே ஒரு கட்டிலையே போட்டுவிடலாம்!

அம்மா அண்ணாந்து பார்த்தாள். "இது நம்ம லிஸ்ட்ல கிடையாது. நீ இங்கயே இரு, நான் ஓடையில தண்ணி பிடிச்சிட்டு வரேன்."

தலைக்கு மேலே உஸ், உஸ் என்று இறக்கைச் சத்தம் கேட்டது. முகத்தைவிடப் பெரிய அலகுள்ள ஒரு பறவை, மரத்தின் பொந்துக்கு அருகே வந்து உட்கார்ந்தது. பொந்தின் வாய் மண் பூசினாற்போல் அடைந்திருந்தது. ஒரு சின்னக் கீறல்தான் திறப்பு. அதன் வழியே இன்னோர் அலகு நுனி வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. மரத்தடியில் பழக்கொட்டைகள் குவிந்து கிடந்தன.

'பாவம், எவ்வளவு பெரிய மரம்! இதுக்கு மட்டும் நம்பர் இல்லையே.'

கட்டெறும்பு தூரிகையைத் தோய்த்து, தனக்குத் தெரிந்த அழகையெல்லாம் கூட்டி, 41 என்று எழுதினாள்.

அம்மாவிடம் காட்டலாம் என்றிருந்தாள். அதற்குள், "மழை வருது, ஓடி வாடி!" என்று அம்மா கூப்பிட்டாள். ஓடிய ஓட்டத்தில் மறந்தும் போனாள்.

ஒன்பது நாள் கழித்து, அதுவரை வெட்டிய மரங்களைச் சரிபார்க்க அம்மா போனபோது அவளும் போனாள். தூரத்திலேயே ஏதோ மாறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் அதிகமாக இருந்தது.

பெரிய மரம் விழுந்து கிடந்தது. அவள் எழுதிய 41-உம் அதோடு படுத்துக் கிடந்தது.

ரம்பக்கார மாமா தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நம்பர் இருந்துச்சேம்மா. நம்பர் பார்த்துத்தானே வெட்டுவோம்" என்றார். அவர் காலடியில், இலைகளின் மேல் ஒரு தாய்ப்பறவையும் ஒரு குஞ்சும் கிடந்தன. இரண்டுக்கும் உயிர் இல்லை.

பக்கத்து மரத்தில் அப்பா பறவை இருந்தது. அலகில் பழம். பொந்து இருந்த இடத்துக்குப் பறந்து வந்தது. அங்கே வெறும் காற்றுதான். திரும்பிப் போய் உட்கார்ந்தது. மறுபடியும் வந்தது.

கட்டெறும்பு அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா... நான்தான் எழுதினேன்."

அம்மா திட்டவில்லை. அப்படியே ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "நம்பர் எதுக்குன்னு நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். எனக்குத்தான் வாய் வரல."

அப்போது வெட்டு வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி வந்தார். அம்மாவின் நோட்டை வாங்கிப் புரட்டினார். நாற்பதோடு முடிந்திருந்தது. "சரி, விடுங்க. காத்துல விழுந்துச்சுன்னு எழுதிக்கலாம். மத்தியானம் வனக்காவலர் வர்றாரு. யாரும் மூச்சு விடக்கூடாது."

வனக்காவலர் வந்தார். "காத்துல விழுந்துச்சு சார்" என்றார் மேஸ்திரி. வனக்காவலர் அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். அது மேசைபோல் வழவழவென்று இருந்தது.

"இந்த ஊர்க் காத்து நல்லா ரம்பம் பிடிக்கும்போல" என்றார்.

மேஸ்திரி தரையைப் பார்த்தார். கட்டெறும்பு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெல்லத் தலையசைத்தாள்.

"காத்து இல்ல சார். நம்பர் நான் போட்டேன். நம்பர் போட்டா வெட்டிடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"சின்னப் பிள்ளை, என்னமோ உளறுது சார்" என்றார் மேஸ்திரி.

"என் பொண்ணு உளறல" என்று அம்மா நோட்டை நீட்டினாள். "இதுல நாப்பதுதான் இருக்கு. நீங்களே பாருங்க."

வனக்காவலர் பார்த்தார். "நோட்டைப் பார்க்காம வெட்டச் சொன்னது யாரு?" என்று மேஸ்திரியைக் கேட்டார். ரம்பக்காரர் பக்கம் திரும்பினார். "கூடு இருக்கிற மரமெல்லாம் எதெதுன்னு பார்த்து முடிக்கிற வரைக்கும் இந்தச் சரிவுல ரம்பம் ஓடக்கூடாது."

பிறகு கட்டெறும்பின் அருகே குந்தி உட்கார்ந்தார். "இதுக்குப் பேரு இருவாச்சி. அம்மா பறவை உள்ள போய் வாசலை அடைச்சுக்கும். அப்பாதான் சாப்பாடு கொண்டு வரும். இதுங்களுக்கு ரொம்பப் பெரிய பொந்து வேணும். அது இந்த மாதிரி வயசான மரத்துலதான் இருக்கும். இன்னைக்கு ஒரு கன்னு நட்டா, இப்படி ஒரு பொந்து வர்றதுக்குள்ள உன் பேரனுக்குப் பேரன் வந்துடுவான்."

கட்டெறும்பு மூக்கை உறிஞ்சினாள்.

"மத்த கூட்டைக் கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம்" என்றார் அவர்.

"மேல பார்க்காதீங்க சார். கீழ பாருங்க" என்றாள் கட்டெறும்பு.

"கீழயா?"

"சாப்பிட்டுட்டுக் கொட்டையைக் கீழதான் போடும். இந்த மரத்தடியில குவியலா கிடந்துச்சு. நான் பார்த்தேன்."

வனக்காவலர் குனிந்து ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தார். "நாளைக்குக் காலையில வர்றியா?"

நான்கு நாட்கள் அம்மாவோடு சேர்த்து மூவரும் ஊசியைத் தொலைத்தவர்கள்போல் குனிந்தபடியே சரிவு முழுவதும் நடந்தார்கள். முதலில் கிடைத்த குவியல் ஏமாற்றிவிட்டது. மேலே இருந்தது ஒரு குரங்கு. அது கடித்த பழத்தைக் குறி பார்த்து வனக்காவலரின் தொப்பியிலேயே போட்டது. அன்றைக்குத்தான் கட்டெறும்பு கொஞ்சம் சிரித்தாள்.

இரண்டாம் நாள், "இனிமே நம்பர் போடுற வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன். வீட்டுலயே தைக்கிறேன்" என்றாள் அம்மா.

கடைசியில் மூன்று கூடுகள் அகப்பட்டன. அதில் ஒரு மரத்தில் கட்டெறும்பு எழுதிய 17 இருந்தது. அவளே கல்லால் தேய்த்தாள், கை சிவக்கும்வரை தேய்த்தாள். எண் முழுதாகப் போகவில்லை. அதற்கு மேல் வனக்காவலர் வெள்ளை வளையம் பூசினார். வெள்ளை வளையம் இருந்தால் யாரும் தொடக்கூடாது.

"மூணு மரம்! மூணு குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கே, தெரியுமா?" என்றார் அவர்.

கட்டெறும்பு சரிவின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கே அந்த வெளிச்சம் இன்னும் அப்படியே இருந்தது.

"நாலு இருந்திருக்கும் சார்" என்றாள்.

வனக்காவலர் அவளைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்ல வந்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"ஆமாம்மா" என்றார். "நாலு இருந்திருக்கும்."