ஈரத்தில் இறுகும் அரக்கு

ஜாலான் புசாரில் குழாயும் திருகாணியும் விற்கும் கடைகளுக்கு நடுவே, ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது காதர் மைதீனின் பேனாக் கடை. ஷங்கர் மரப்படியில் கால் வைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஏறவா திரும்பவா என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

கடையிலிருந்து வந்த செய்தி அவனுக்கு வந்ததல்ல. அவன் மனைவி கவிப்ரியாவின் கைபேசிக்கு வந்தது. "மேடம், உங்க பேனா ஜப்பான்லேர்ந்து வந்துடுச்சு." கவிப்ரியா போன தீபாவளிக்கு முன்பே இறந்துவிட்டாள். அவளுடைய எண்ணை ரத்து செய்ய மனம் வராமல், ஷங்கர் அந்தக் கைபேசிக்குத் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான்.

காதர் மைதீன் கலகலப்பான மனிதர். வந்தவரை உட்கார வைத்து, பாலில்லாத தேநீரான தே ஓ வரவழைத்துக் கொடுத்து, அதன் பிறகுதான் பேனாவைக் கண்ணில் காட்டுவார். ஷங்கர் நீட்டிய கைபேசியில் தன் செய்தியைப் பார்த்ததும், "மேடம் வரலையா தம்பி? உங்களுக்குத் தெரியாம ஆர்டர் கொடுத்துட்டு, இப்ப உங்களையே அனுப்பிட்டாங்களா?" என்று சிரித்தார்.

"வேலை, பாய். வர லேட்டாவும்" என்றான் ஷங்கர்.

பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. சொன்ன ஒரு நொடி அது உண்மை போலவே இருந்தது. அந்த ஒரு நொடிக்காக இன்னொரு பொய்யும் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மரப்பெட்டிக்குள், துணிக்குள், கருப்பாகப் படுத்திருந்தது பேனா. வெறும் கருப்பில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியுமே, அந்தக் கருப்பு. காதர் மைதீன் பெருமையாக விளக்கினார். இது ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுக்கிற அரக்கு. பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகும்வரை காத்திருந்து செய்வது. அதனால்தான் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பச்சையாக இருக்கும்போது கை பட்டால் கொப்புளம் போட்டுவிடும். இறுகிவிட்டால் குழந்தைகூட வாயில் வைக்கலாம்.

"ஒரு விசேஷம் தெரியுமா? வெயில்ல வச்சா இது காயாது. ஈரத்துலதான் இறுகும். நம்ம ஊர்க் காத்துக்கு இன்னும் நல்லாப் பிடிச்சுக்கும் லா" என்றவர், பேனாவை மெல்லத் திருப்பினார். "இதைப் பாருங்க. செஞ்சவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. மேடம் தாள்ல எழுதிக் கொடுத்ததை அப்படியே பார்த்து, தங்கப் பொடில இழைச்சிருக்காரு."

கவியின் கையெழுத்துதான். சாய்ந்த 'ட்'டு, அவசரத்தில் மூடாமல் விட்ட சுழி, எல்லாம் அப்படியே இருந்தது.

போயிட்டு வரேன்.

ஷங்கர் தே ஓவைக் கீழே வைத்தான்.

அது அவர்கள் வீட்டுச் சண்டை. ஷங்கர் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி. விடிந்தும் விடியாமல் கிளம்புகிறவன், காலணியை மாட்டிக்கொண்டே "போறேன்" என்பான். கவிக்குச் சுருக்கென்று வரும். "போறேன்னு எந்த மனுஷனாவது சொல்வானா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க." அவன் திரும்ப வந்து சொன்னால்தான் விடுவாள். சொல்லிவிட்டால் மட்டும் போதாது, வீட்டில் இருக்கிறவர்கள் "போயிட்டு வா" என்று பதிலும் சொல்லவேண்டும். மகள் நிலானிக்கு அது பாலோடு சேர்த்து ஊட்டிய பழக்கம். கார்ட்டூனில் கண்ணைப் புதைத்திருந்தாலும் அவள் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். நாளெல்லாம் கையெழுத்துப் போடுகிறவன் கையில் இந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டால் என்றைக்காவது புத்தியில் ஏறும் என்று கவி நினைத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவள்தான் கடைசி நாளில் சொல்லாமல் போனாள்.

பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூடண்ட் கேரிலிருந்து நிலானியைச் சாயங்காலம் யார் கூப்பிட்டு வருவது என்று காலையில் வாய்த்தகராறு. "யாரும் வேணாம், நானே கூப்பிட்டுக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனவள், வேலை முடிந்து தஞ்சோங் பகார் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் நகரும் படிகளில் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் நிலானி பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாளாம்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். அங்கே "வரேன்" என்று சொல்லக்கூடாது. ஷங்கரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. தகன உலையின் கதவு மூடும்வரை வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காக அவன் பைத்தியம் பிடித்தவன் போல் ஏங்கிக்கொண்டிருந்தான்.

பேனாவோடு புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தபோது பிற்பகல்தான். ஆனாலும் மழையில் கூடம் இருண்டு கிடந்தது. நிலானி இன்னும் வரவில்லை. ஷங்கர் விளக்கைப் போடாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். அது உள்ளங்கையில் சூடாக இருந்தது. அந்தப் பொன்னெழுத்தை விரலால் தடவித் தடவி, வாய்விட்டுப் படித்தான்.

படித்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"சரி கவி" என்றான். "போயிட்டு வா. சீக்கிரம் வந்துடு."

மழைச் சத்தம் மட்டும்தான்.

பிறகு வெளியே லிஃப்ட் கதவு திறந்தது.

நடைபாதையில் காலடிகள். இடதுகாலைக் கொஞ்சம் தேய்த்து வைக்கிற கவியின் நடை.

வாசல் கேட்டுக்கு முன்னால் அது நின்றது. சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கியது. கோடாலித் தைலத்தின் வாசனை, கவி தலைவலிக்கு நெற்றியில் தடவிக்கொள்ளும் அதே வாசனை, கதவிடுக்கு வழியே வந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை, பச்சை மரத்தைப் பிளந்தால் வருகிற புளிப்பு.

ஷங்கர் பாய்ந்து கதவைத் திறந்தான். யாரும் இல்லை. வாசலில் ஈரம் மட்டும் இருந்தது.

அவனுக்குப் பயமே வரவில்லை. அழுதான், ஆனால் சந்தோஷத்தில் அழுதான். மறுநாள் சாயங்காலம் கேட்டைப் பூட்டாமல் வைத்துவிட்டு, மறுபடியும் அந்த வரியைப் படித்தான், மறுபடியும் "வா" என்றான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வாசனை வாசலைத் தாண்டியது. கூடத்துக்கு வந்தது. சோபாவில் அவள் உட்காரும் மூலை மெல்ல அமுங்கியது. கட்டின மனைவி வீட்டுக்கு வருகிறாள், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒருநாள் அவன் குளித்துவிட்டு வந்தபோது நிலானி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலை இரட்டைப் பின்னலாக, வகிடு நேராக இருந்தது. ஷங்கருக்குப் பின்னத் தெரியாது. அம்மா போனதிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு ரப்பர் பட்டையோடுதான் பள்ளிக்குப் போய்வந்தாள்.

யார் பின்னிவிட்டது என்று கேட்டான்.

"அம்மா" என்றாள் நிலானி, தலையைத் தூக்காமலே.

அவன் சிரித்தான். அவ்வளவு நிம்மதியாக அவன் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

மறுநாள் காலையில் நிலானியின் பிடரியில் கொப்புளங்கள். காதுக்குப் பின்னால், வகிட்டில், நெற்றியில் முத்தம் கொடுக்கிற இடத்தில். தண்ணீர் கோத்து, சிவந்து, தொட்டால் பிள்ளை துடித்தது. பாலிகிளினிக்கில் டாக்டர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, ஏதோ மரப்பால் பட்ட அலர்ஜி மாதிரி இருக்கிறது, வீட்டில் புதிதாக அரக்குச் சாமான் எதுவும் வாங்கினீர்களா என்று கேட்டார்.

நிலானி அந்தப் பேனாவைப் பார்த்ததே இல்லை. அது ஷங்கரின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

அன்றே அதை ஜாலான் புசாருக்குக் கொண்டுபோனான். காதர் மைதீன் பேனாவைக் கன்னத்திலேயே வைத்துத் தேய்த்துக் காட்டினார். "எப்பவோ இறுகிடுச்சு தம்பி. இதால வராது. மேடத்துகிட்ட சொல்லுங்க." ஷங்கர் அப்போதுதான், அவள் இறந்துவிட்டதைச் சொன்னான். காதர் மைதீனின் முகம் மாறியது. பேனாவைப் பெட்டிக்குள் வைத்தார். இது இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னார்.

பேனா போய்விட்டது. வருகிறவள் நிற்கவில்லை.

இப்போது ஷங்கர் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. சாயங்காலமானால் லிஃப்ட் கதவு திறந்தது. கேட்டைப் பூட்டினான், பூட்டுக்குள்ளிருந்தே வாசனை வந்தது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினான், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நிலானியின் தலையில் பின்னல் விழுந்தது. கொப்புளம் நிலானியின் தோளுக்கு இறங்கியது.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"வலிக்குது. ஆனா அம்மா ஸாரி சொன்னாங்க" என்றாள் நிலானி. "அன்னைக்கு என்னைக் கூப்பிட வரலல்ல? வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க."

"எங்க?"

"கேட்டேன். சொல்லல."

ஷங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அவனைப் பார்க்க வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், அந்த வேலையை முடிக்க வருகிறாள். அதற்குக் கதவைத் திறந்துவிட்டவன் அவன்தான்.

பக்கத்து வீட்டு சம்சுன்னிசாதான் அவன் நடைபாதையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். கவிக்கு உற்ற தோழி. பிரியாணி ஆர்டர் எடுத்துப் பிழைப்பவள், மனதில் பட்டதை மறைத்து வைக்கத் தெரியாதவள். ஷங்கர் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் நம்பாமல் பார்க்கவில்லை. சில நாளாகவே ஆளில்லாமல் லிஃப்ட் திறப்பதை அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"பேனாவைத் திருப்பிக் கொடுத்து என்ன பிரயோசனம் அண்ணே? பேனாவா கூப்பிட்டுச்சு? நீங்கதானே வான்னு சொன்னீங்க."

"இப்ப என்ன செய்ய?"

"போன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெறும் 'போ'. பின்னாடி ஒண்ணும் சேர்க்காம. நம்மள்ல யாரும் யாரையும் அப்படி அனுப்பினதில்ல, தெரியும். ஆனா பிள்ளை வேணும்ல உங்களுக்கு?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. லீவு கிடைக்காமல் வேலைக்குப் போயிருந்த ஷங்கர் ஓடிவந்தபோது, நிலானி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சீருடை. வீட்டுக்குள்ளேயே காலணி. தோளில் பை. மடியில் ஒரு கதைப் புத்தகம். அவள் கண் வாசலுக்கும் புத்தகத்துக்குமாகப் போய்வந்தது.

ஷங்கர் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

லிஃப்ட் திறந்தது.

காலடிகள். சாவி. வாசனை.

பச்சை மரத்தின் புளிப்பு கூடம் முழுக்க ஏறி, மூச்சு எரிந்தது.

நிலானியின் தோளில் இருந்த பைப் பட்டை மெதுவாக உயர்ந்தது. பிள்ளையைக் கூப்பிடப் போகும் தாய், முதலில் அதன் பையைத்தான் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வாள். கவி எப்போதும் அப்படித்தான். பட்டை நிலானியின் கையை விட்டு நழுவியது. பை அந்தரத்தில் நின்றது.

நிலானியின் மணிக்கட்டில் நான்கு விரல் அளவுக்குத் தோல் சிவந்து புடைத்தது. அவள் உடம்பு வாசல் பக்கம் இழுபட்டது.

"கவி" என்றான் ஷங்கர். "போ..."

நாக்கு பழக்கத்தில் "போயிட்டு" என்று புரண்டது. பல்லால் கடித்து நிறுத்தினான். ரத்தம் கரித்தது. இந்த ஒரு சொல்லைத் தன் வாயால் அவளிடம் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தது. ஆனால் கைக்குள் பிள்ளையின் விரல்கள் நழுவிக்கொண்டிருந்தன.

"போ, கவி."

பை அசையவில்லை.

"போ. இவ என்கிட்ட இருக்கட்டும். நீ போ."

அவன் உடைந்து அழுதான். கட்டின நாளிலிருந்து அவளை ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

பை தொப்பென்று தரையில் விழுந்தது.

நிலானியின் கை தளர்ந்தது. வாசனை மெலிந்து, மெலிந்து, கூடத்தை விட்டு விலகியது. இடதுகாலைத் தேய்த்த காலடிகள் வாசலுக்குப் போயின. கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. ஷங்கர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். மழைகூடக் குறைந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தான். நிலானி சோர்ந்துபோய், கீழே விழுந்த புத்தகத்தை எடுத்து விட்ட பக்கத்தைத் தேடினாள்.

வாசலில் காலணி மாட்டும் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு குரல். கோபமில்லை, அழுகையில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேட்கிற அதே குரல்.

"போயிட்டு வரேன்."

ஷங்கர் மகளின் வாயைப் பொத்தக் கையை நீட்டினான். அதற்குள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, நிலானி பதில் சொல்லிவிட்டாள்.

"சரிம்மா. போயிட்டு வாங்க."