பூட் மெனுவில் அவர் எழுதாத வரி

சர்வரை நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள்தான் வரும். ஒன்று வழக்கமான லினக்ஸ், மற்றது பழுதுபார்க்க. எதில் தொடங்குவது என்று கேட்கும் அந்த பூட் மெனுவை அமைத்தவரே சர்வர்களைக் கவனிக்கும் நிர்வாகியான அவர்தான். இன்று அவற்றுக்குக் கீழே அவர் எழுதாத ஒரு வரி இருந்தது.

'மாமா, கதவைத் திறங்க.'

விடுமுறை நாளின் பிற்பகல். அலுவலகத்தில் வேறு யாருமில்லை. ஏசியின் ஓயாத இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் சூழ்ந்த சர்வர் அறையில், எவனோ விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வழக்கமான வரியின் வழியே உள்ளே போய், மெனுவின் அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்தப் பதிவை அழித்து, மெனுவைப் புதிதாக உருவாக்கி, மறுபடி தொடங்கினார்.

வரி போகவில்லை. முதலிடத்துக்கு ஏறியிருந்தது.

அவரை மாமா என்று கூப்பிட்டவன் ஒருவன்தான். மனைவியின் தம்பி; இதே அறையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். அவர் காத்திருந்த பதவி அவனுக்குப் போகவிருந்த வாரத்தில், அவன் இங்கே தனியாக இருந்தபோது, மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயு கூரைக் குழாயிலிருந்து திறந்துகொண்டது. கதவு சிக்கிக்கொண்டதாக எல்லோரிடமும் சொன்னார். அது சிக்கவில்லை. உள்ளே தட்டும் சத்தம் ஓயும்வரை, வெளியே நின்று தோள் கொடுத்து அடைத்துப் பிடித்திருந்தார். சாவு வீட்டில் அவர் அழுத அழுகையைப் பார்த்து ஊரே உருகிப்போனது.

போன் அதிர்ந்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். சர்வர் மக்கர் பண்ணுது."

"தெரியும். தம்பி சொன்னான்."

"என்ன உளர்றே?"

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு வரியா எழுதினான். எந்தத் தோள்னுகூட எழுதிட்டான்."

அவள் குரலுக்குப் பின்னால் லிஃப்ட் திறக்கும் ஓசை கேட்டது. தொடர்பு அறுந்தது.

திரையில் முதல் வரி தானாகத் தொடங்குவதற்கான நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. அம்புக்குறி விசையை அழுத்தினார். அசையவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினார். திரை அணையவில்லை.

பூஜ்யம்.

ஏசி நின்றது. அமைதி. பிறகு கூரையில் ஒரு சீறல்.

கதவுக்கு ஓடினார். கைப்பிடி திரும்பவில்லை. சிறிய கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் மனைவி. கண்ணில் பொட்டு ஈரமில்லை. இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுக்கியிருந்தாள். அக்காவின் கைகள் வலிக்கக் கூடாதென்பதுபோல, அவற்றின்மேல் பதிந்து அழுத்தின, நகங்கள் நீலம் பாரித்த வேறு இரண்டு கைகள்.