எந்த வீட்டு உறம்பரை

படம் ஓடத் தொடங்கியதிலிருந்து மதுமதியின் கண் அந்த ஒரு பெண்ணின் மேலேயே இருந்தது. சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில், என்றோ நடந்த காதுகுத்து விசேஷம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்கள். கட்டம்போட்ட சேலையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் மட்டும் தலை நிமிரவில்லை. மடியிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசேஷத்துக்கு வந்தவள் கழுத்தில் குந்துமணி நகைகூட இல்லை.

அன்று மதுமதியின் பெண் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். தன் தாத்தா எடுத்த படச்சுருள்களை உறவினர்களுக்குக் காட்ட வேண்டுமென்று கணவன் குணசீலன் பழைய புரொஜெக்டரைச் சேலத்தில் கொடுத்துச் சரிசெய்து வைத்திருந்தான். ஜன்னல்களை போர் போடும் ரிக் வண்டியின் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். சூடேறிய விளக்கில் தூசி கருகும் வாடையும், தார்ப்பாயின் எண்ணெய் நெடியும், கூடத்துப் பந்தியிலிருந்து வந்த ரசத்தின் வாசனையும் அந்த மதிய இருட்டில் ஒன்றாகக் கலந்து நெஞ்சை அடைத்தன. புழுக்கம் தாளாமல் ஒவ்வொருவராக எழுந்துபோக, வீட்டார் மட்டுமே மிஞ்சினார்கள்.

“அது யாருங்க மாமா?”

“உங்கத்தை ஊட்டு ஒறம்பரை சாமி. வெண்ணந்தூர்க்காரங்க,” என்றார் மாமனார் வெங்கடாசலம்.

“எங்கூட்டுல அப்பிடி ஆரும் இல்லீங்களே,” என்றாள் மாமியார் மயிலம்மாள். “உங்க சனம்னுல்ல நானு நெனச்சுட்டிருந்தேன்.”

இருவரும் சிரித்தார்கள். மதுமதிக்குச் சிரிப்பு வரவில்லை.

“மடியில இருக்கற கொழந்தை?”

“எங்கண்ணனோட பொண்ணு,” என்றார் வெங்கடாசலம். “ தங்கலை. அந்த வருசமே போயிருச்சு.”

மதுமதியின் மடியில் குழந்தை சிணுங்கியது. மயிலம்மாள் வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

குணசீலன் அடுத்த சுருளை மாட்டினான். இந்த வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று நடந்த புண்ணியார்ச்சனை. மாமனாருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. முந்தைய படத்தில் பாவாடை கட்டி ஓடிய சிறுமிகள் இதில் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். அவள் மட்டும் அப்படியே இருந்தாள். அதே சேலை. அதே வயது. மடியில் வேறு குழந்தை.

“மாமா, இது?”

கரகரவென்று சுருள் சுற்றிக்கொண்டிருந்தது. வெங்கடாசலம் வேட்டித்திரையிலிருந்து பார்வையை எடுத்துவிட்டார்.

“குணாவுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு,” என்றார்.

குணசீலன் திரும்பினான். “என்றகிட்டச் சொன்னதே இல்லீங்களேப்பா?”

வேறு எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று மதுமதி நினைத்தாள். அப்போது கதவு திறந்தது. மயிலம்மாள். வெறுங்கையோடு.

“பாப்பா எங்கீங்க அத்தை?”

“உன்ற சித்தி வாங்கிட்டாங்க கண்ணு. எருமப்பட்டியில இருந்து வந்திருக்காங்களாமா. அவங்க கைக்குப் போனதும் அழுகையே நின்னுபோச்சு.”

மதுமதியின் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவுக்குத் தம்பியும் இல்லை.

எழுந்தாள். ஒயரில் கால் தடுக்கியது. விளக்கு அணைந்தது. கதவு. கூடம். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

தாம்பூலப் பைகளோடு அம்மா எதிரே வந்தாள். “என்ன கண்ணு இப்பிடி வேர்த்திருக்குது? பாப்பா உன்ற மாமியா ஊட்டு ஒறம்பரைகிட்டத்தான இருக்குது. ஆமா, அந்தம்மா உங்கத்தைக்கு என்ன மொறை வேணும்?”

மதுமதி அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

ஜமக்காளத்தில் இரண்டு வீட்டுச் சனமும் வெற்றிலை போட்டபடி பேசிக்கொண்டிருந்தது. நடுவில் கட்டம்போட்ட சேலை. குனிந்த தலை. வெறுங்கழுத்து. இருபுறமும் இருந்தவர்கள் அவளுக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். அவள் மடியை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்துக்குத் தக்கபடி, மடியிலிருந்து சரிந்த ஒரு சின்னக் கை, பிடிப்பில்லாமல், ஜமக்காளத்தைத் தொட்டுத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது.